கேள்வி பதில்: குளத்தடியில வளர்ற காராவைப் பிடுங்கலாமா?

போன இதழ்ல மோல்மீன் வாசகர் ஒருத்தர் தன் குளத்துப் பாசியைப் பத்தி கேட்டதுக்கு "அது காரா, விட்டு வைங்க"ன்னு ஒரே வரியில பதில் போட்டிருந்தோம், இடம் பத்தலை. அதுக்கு அப்புறம் கடிதமும் வைபர் மெசேஜுமா வந்துட்டே இருக்கு, சிலர் போட்டோ அனுப்பியிருக்காங்க, தட்டோன்ல இருந்து ஒரு அம்மா பாலிதீன் பையில ஈரத்தோட சாம்பிளே குடுத்து விட்டிருக்காங்க. நம்ம பர்மாக் குளத்துலயும் வயல்லயும் காலங்காலமா இருக்குற, ஆனா யாரும் திரும்பிப் பாக்காத ஒரு உயிரைப் பத்தி இத்தனை பேர் கேக்குறது எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால இந்த மாசம் பகுதி முழுக்க காராதான்.

கேள்வி (அதே மோல்மீன் வாசகர்): ஐயா, விட்டு வைங்கன்னு சொன்னீங்க, ஏன்னு சொல்லலையே. என் குளம் சுண்ணாம்பு மலை அடிவாரத்துல இருக்கு. தண்ணி தெளிவுதான், ஆனா அடி முழுக்க சாம்பல் பச்சையா இது மண்டிக் கிடக்கு. கையில எடுத்தா நொறநொறன்னு உடையுது, பூண்டு நாத்தம் அடிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் வேலம்பாசின்னு சொல்றாரு. எது சரி?

பதில்: வேலம்பாசி இல்லைங்க, அந்த நாத்தமும் நொறநொறப்பும் போதும் அடையாளத்துக்கு. வேலம்பாசி பூ பூக்குற செடி, அதுக்கு தண்டு, இலை, வேர் எல்லாம் முறைப்படி உண்டு, கசக்கினா வழவழன்னு நசுங்கும். காரா பாசி இனம், ஆனா செடி மாதிரியே உருவம் எடுத்த பாசி. ஒரு தண்டை எடுத்து வெள்ளைத் தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி அதுல மிதக்க விட்டுப் பாருங்க. கணு கணுவா இருக்கும், ஒவ்வொரு கணுவுலயும் சுத்தி வர குச்சிக் கிளைங்க ஒரே மட்டத்துல நிக்கும். கீழ வெள்ளையா இழுபடுறது சேத்தைப் பிடிச்சுக்குற நூல்தான், அதை வேர்னு சொல்ல முடியாது. ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்குற நீளத் துண்டோட மையம் முழுக்க ஒரே ஒரு செல், நம்ம உடம்புல உள்ள செல்லைப் பாக்க மைக்ரோஸ்கோப் வேணும், இங்க ஒத்த செல்லு வெறும் கண்ணுக்கே தெரியுது, சில வகையில விரல் நீளத்துக்குக் கூட போகும்.

காயி முத்தின சமயத்துல எடுத்தீங்கன்னா கிளைங்க மேல ஆரஞ்சு கலர்ல கடுகை விடச் சின்னதா உருண்டைங்க தெரியும், அது ஆண் உறுப்பு. பக்கத்துலயே முட்டை வடிவத்துல ஒண்ணு இருக்கும், அது பெண் உறுப்பு, முத்தினா அதுதான் காயி, நகை பாக்குற லென்ஸ் இருந்தா வச்சுப் பாருங்க, அஞ்சு குழல் அதைச் சுத்திச் சுத்தி முறுக்கி ஏறி உச்சியில கிரீடம் மாதிரி முடிஞ்சிருக்கும். காராவுல அந்தக் கிரீடத்துல அஞ்சு செல், இதோட தங்கச்சி இனம் நைட்டெல்லாவுல பத்து. இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு ஒரு பாசியில இருக்குன்னு முதல் தடவை பாக்குறவங்க யாரும் நம்ப மாட்டாங்க.

அந்த நொறநொறப்புக்கு வருவோம். சுண்ணாம்பு மலையில இருந்து இறங்குற தண்ணியில கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைய கரைஞ்சிருக்கும். காராவுக்குத் தன் சாப்பாட்டைத் தயாரிக்க கார்பன் டை ஆக்ஸைடு வேணும், தண்ணியில அது கம்மி, அதனால தன் செல்லுல ஒரு பட்டையில அமிலத்தைக் கக்கி பைகார்பனேட்டை உடைச்சு எடுத்துக்குது, அதுக்கு அடுத்த பட்டையில காரம் ஏறுது, காரம் ஏறின இடத்துல கால்சியம் கார்பனேட் படியுது. தண்ணி கொதிக்க வைக்கிற கெண்டி உள்பக்கம் வெள்ளையா படியுமே, அதே சரக்குதான். காய வச்சு நிறுத்தா மொத்த எடையில பாதிக்கு மேல சுண்ணாம்பாவே கூட இருக்கும். நம்பிக்கை இல்லைன்னா ஒரு துண்டு மேல கொஞ்சம் வினிகர் ஊத்துங்க, பொசுபொசுன்னு நுரைக்கும். பூண்டு நாத்தம் கந்தகச் சேர்மத்தால வர்றது, அது எதுக்குன்னு அடுத்த பதில்ல சொல்றேன். பிரியாணிக்குப் போடுற கல்பாசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதைக் கேட்டு நாலஞ்சு பேர் எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு இதை சட்டியில போட்றாதீங்க.

கேள்வி (பேர் வேண்டாம்னு எழுதின ஒரு கோவில் கமிட்டி உறுப்பினர்): எங்க கோவில் குளம் முன்னாடி அடி தெரியிற அளவுக்கு தெளிவா இருந்துச்சு. அடியில நீங்க சொல்ற மாதிரி பாசிதான் இருந்துச்சு. திருவிழாவுக்கு முன்னாடி குளம் சுத்தமா இருக்கட்டும்னு ஆள் விட்டு எல்லாத்தையும் வாரி எடுத்துட்டோம். புண்ணியத்துக்குன்னு மீனும் நிறைய விட்டாங்க. மழைக்காலம் முடிஞ்சதும் தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு, நாத்தம் வேற. பிளீச்சிங் பவுடர் போட்டோம், ஒரு வாரம் தெளிஞ்சுது, திரும்ப பச்சை. நாங்க என்ன தப்பு செஞ்சோம்?

பதில்: நல்ல மனசோடதான் செஞ்சீங்க, ஆனா குளத்தைத் தெளிவா வச்சிருந்ததே அந்தப் பாசிதான், அதை வாரி எடுத்ததுல தெளிவும் கூடவே போயிடுச்சு. இதை நான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ரங்கூன்ல இருந்து தட்டோன் வரைக்கும் நம்ம ஆளுங்க குளத்துல இதேதான் நடந்துட்டு இருக்கு, மனசு கஷ்டமா இருக்கு.

காரா அடியில படுக்கை மாதிரி பரவி இருக்குறப்ப காத்து அடிச்சாலும் மீன் கிளறினாலும் சேறு மேல எழும்பாது, பிடிச்சு வச்சிருக்கும். தண்ணியில வர்ற பாஸ்பரஸை உடம்பு முழுக்க உறிஞ்சிக்கும், சுண்ணாம்பு படியிறப்ப அது கூடவும் கொஞ்சம் பாஸ்பரஸ் ஒட்டிக்கிட்டு அடிக்குப் போயிடும், அதனால தண்ணியைப் பச்சையாக்குற நுண்பாசிக்கு சாப்பாடு கிடைக்காது. அந்த நுண்பாசியைத் தின்னுற தண்ணிப்பூச்சிங்க, டாப்னியா மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம துள்ளுமே, அதுங்க பகல்ல மீனுக்குப் பயந்து காராவுக்குள்ள ஒளிஞ்சுக்கும், ராத்திரி வெளிய வந்து மேயும். இதுக்கு மேல அந்தப் பூண்டு நாத்தம். காராவுல இருந்து பிரிச்சு எடுத்த கந்தகச் சேர்மங்கள் நுண்பாசியோட ஒளிச்சேர்க்கையை அடக்குதுன்னு 1982-ல டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. குளத்துல அந்த வேலை எவ்வளவு தூரம் எடுபடும்னு அறிஞர்களுக்குள்ள விவாதம் உண்டு, ஆனா மத்த மூணும் சந்தேகமே இல்லாத வேலை.

இப்ப அதை வாரி எடுத்தாச்சு. சேறு கிளம்புச்சு, அடியில பூட்டி வச்சிருந்த பாஸ்பரஸ் மேல வந்துச்சு, தண்ணிப்பூச்சிக்கு ஒளிய இடமில்லை, விட்ட மீனுங்க அதை மொத்தமா தின்னு தீர்த்துச்சு, நுண்பாசியைக் கேக்க ஆளில்லை. தண்ணி பச்சையானதும் வெளிச்சம் அடிக்குப் போகாது, வெளிச்சம் இல்லாம காரா திரும்ப முளைக்காது, முளைக்காததால தண்ணி இன்னும் பச்சை. ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கமே நிக்கிற சமாச்சாரம் இது, அதனாலதான் பிளீச்சிங் பவுடர் ஒரு வாரத்துக்கு மேல தாங்கலை, அது செத்த பாசியைத் திரும்ப உரமாத்தான் ஆக்குது, மீனுக்கும் ஆபத்து.

விட்ட மீன் என்ன வகைன்னு நீங்க எழுதலை. புல்கெண்டைன்னா அதுக்கு காரா ரொம்பப் பிடிச்ச சாப்பாடு, ஒரு தளிர் கூட விடாது. சாதா கெண்டைன்னா சேத்தைக் கிளறிக் கிளறி இரை தேடும். திலேப்பியாவும் அடியில குழி தோண்டித்தான் முட்டை போடும். பர்மிய கசோன் மாசப் பௌர்ணமிக்கு வத்துற குட்டையில துடிக்கிற மீனைக் காப்பாத்தி ஆழமான தண்ணியில விடுறது பர்மாக்காரங்க வழக்கம், அது நல்ல காரியம், நான் குறை சொல்லலை. சந்தையில வாங்கின பண்ணை மீனைக் கொண்டு வந்து சின்ன தெப்பக்குளத்துல நூத்துக்கணக்குல கொட்டுறது வேற.

செய்ய வேண்டியது: மீனை வலை போட்டு முக்கால்வாசிக்கு மேல எடுத்து பெரிய ஆத்துலயோ ஏரியிலயோ விடாம, வேணுங்கிற பண்ணைக்காரங்களுக்குக் குடுத்துடுங்க, வெளியூர் மீன் ஆத்துல பரவக் கூடாது. அபிஷேகத் தண்ணி, பால், பூ குளத்துக்குள்ள இறங்குற வாய்க்காலை மாத்தி தென்னை மரத்துக்கு விடுங்க. படிக்கட்டுல சோப்புத் துணி துவைக்கிறதை நிறுத்துங்க. பொரியும் ரொட்டியும் மீனுக்குப் போடுறதை நிறுத்துறதுதான் கஷ்டம், பிள்ளைங்க ஆசையா போடும், ஆனா போடுற ஒவ்வொரு பிடியும் தண்ணியில உரமாத்தான் சேருது. கோடையில தண்ணி இறங்குறப்ப ஆழமில்லாத ஓரத்துல முதல்ல காரா தலை காட்டும், யாரும் வாரிடாம ஒரு பலகை எழுதி வைங்க. விதை அடியில இருக்கான்னு கவலை வேண்டாம், அதைக் கடைசிக் கேள்வியில சொல்றேன்.

கேள்வி (தட்டோன், சாம்பிள் அனுப்பின அம்மா): தம்பி, உங்க பதில் எல்லாம் குளத்துக்கு. எங்களுக்கு நெல்லு வயல். நடவு போட்டு கொஞ்ச நாள்ல இது முளைச்சு நாத்து இடுக்கெல்லாம் நிறையுது. கடைக்காரர் மயில்துத்தம் போடச் சொல்றாரு. போடலாமா?

பதில்: அம்மா, சாம்பிள் நல்லா வந்து சேர்ந்துச்சு, காராவேதான், சுண்ணாம்பு கூட உதிர்ந்து பை அடியில கிடந்துச்சு. வயல்ல நாத்து இளசா இருக்குறப்ப ரொம்ப அடர்த்தியா வந்தா தொந்தரவுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மயில்துத்தம் வேண்டாம், அது செம்பு உப்பு. அது காராவைக் கொல்லும், கூடவே வயல் மீன், நத்தை, நண்டு எல்லாத்தையும் கொல்லும், செம்பு மண்ணுல தங்கிப் போகும், வருஷா வருஷம் போட்டா சேர்ந்துகிட்டே இருக்கும். சாதா களைக்கொல்லி வாங்கிடாதீங்க, செடிக்குன்னு செஞ்சது பாசிகிட்ட பெரும்பாலும் எடுபடாது.

தண்ணியை மூணு நாலு நாள் வடிச்சு விட்டா போதும். இதுக்கு வேரும் கிடையாது, இலை மேல மெழுகுத் தோலும் கிடையாது, வெயில் பட்டா சீக்கிரம் காஞ்சு மண்ணோட ஒட்டிடும், நாத்துக்கு அது தாங்கும். டி-சூப்பர் பாஸ்பரஸ் உரத்தைத் தண்ணி மேல தூவாம கடைசி உழவுல சேத்தோட கலந்துடுங்க, மேல தூவினா பாதி பாசிக்குத்தான் போகும். பயிர் தூர் கட்டி நிழல் விழுந்ததும் அதுவே அடங்கிடும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, ஸ்பெயின்ல வலென்சியா பக்கத்து நெல் வயல்ல ஆராய்ச்சி பண்ணினவங்க 2004-ல எழுதினாங்க, அந்த வயல்ல காத்துல இருக்குற நைட்ரஜனைப் பிடிச்சு உரமாக்குற நீலப்பச்சைப் பாசி பெரும்பாலும் காரா மேலதான் ஒட்டி வளருதாம், வயல்ல அந்த வகையில சேர்ற நைட்ரஜன்ல பெரும் பங்கு அங்க இருந்துதான் வருதாம். அதனால நாத்தை அமுக்காத அளவுக்கு கொஞ்சம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்மா. காஞ்சதை மண்ணோட மடக்கி உழுதா சுண்ணாம்புச் சத்தும் சேரும், உங்க பக்கம் மலையை விட்டுத் தள்ளிப் போனா மண்ணு புளிப்புதானே.

கேள்வி (ரங்கூன், ஒரு கல்லூரி மாணவி): சார், காராதான் எல்லா தரைத் தாவரத்துக்கும் மூதாதைன்னு எங்க லெக்சரர் சொன்னாங்க. அப்படின்னா நெல்லும் மாமரமும் இதுல இருந்து வந்ததா?

பதில்: சொந்தக்காரங்கதான் தங்கச்சி, ஆனா பாட்டி இல்லை, பெரியம்மா முறை. தரைச் செடிங்களும் காரா கூட்டமும் ரொம்பப் பழைய ஒரு பச்சைப்பாசி முன்னோர்கிட்ட இருந்து பிரிஞ்சவங்க. முன்னாடி காராவைத்தான் எல்லாத்துலயும் நெருக்கம்னு நினைச்சாங்க, இப்ப மரபணு பாத்ததுல ஸ்பைரோகைரா இருக்குற கூட்டம் இன்னும் நெருக்கம்னு தெரியுது, உருவத்துல அது வெறும் நூலு, ஆச்சரியமாத்தான் இருக்கு. காரா பிரௌனி வகையோட முழு மரபணுத் தொகுதி 2018-ல வெளியாச்சு. புதைபடிவம் பாத்தா இந்தக் கூட்டம் 40 கோடி வருஷத்துக்கு மேல பழசு, அந்த முறுக்கு முறுக்கா இருக்குற காயி சுண்ணாம்பு பூசி கல்லாவே நின்னுடும்ங்கிறதால பாறையோட வயசைச் சொல்ல நிலவியல்காரங்க அதைத் தேடுவாங்க.

உங்க காலேஜ்ல மைக்ரோஸ்கோப் இருக்கும், ஒரு வேலை பண்ணுங்க. நைட்டெல்லா கிடைச்சா இன்னும் நல்லது, அதுக்கு மேல்தோல் செல்லுங்க கிடையாது, உள்ள நேராத் தெரியும். ஒரு இளந்துண்டை ஸ்லைடுல வச்சு கொஞ்ச நேரம் அசையாம விட்டுட்டுப் பாருங்க. பச்சை மணிங்க ஓரத்துல வரிசையா அசையாம நிக்கும், அதுக்கு உள்பக்கம் திரவம் ஒரு பக்கம் மேல ஏறி மறு பக்கம் கீழ இறங்கி ஓடிக்கிட்டே இருக்கும், நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும், செல்லுக்குள்ள நடக்குற ஓட்டத்துல இது ரொம்ப வேகம். பொனவெந்தூரா கோர்த்தின்னு ஒரு இத்தாலிக்காரர் 1774-லயே இதைப் பாத்து எழுதிட்டாரு. அவ்வளவு நீள செல்லுல கலக்கி விடாம இருந்தா சத்து ஒரு முனையில இருந்து மறு முனைக்குப் போய்ச் சேராதே.

ரங்கூன்ல படிக்கிறீங்கங்கிறதால இதையும் சொல்லணும். பெஞ்சமின் பியரி பால்னு ஒருத்தர், பஞ்சாப்ல பிறந்து பர்மாவுல வளர்ந்து ரங்கூன் யுனிவர்சிட்டியில தாவரவியல் படிச்சவரு. பர்மாவுல உள்ள காரா இனங்களைச் சேகரிச்சு அவர் எழுதின ஆய்வு 1932-ல லண்டன் லின்னேயன் சொசைட்டி பத்திரிகையில வந்துச்சு. அப்புறம் அவர் இந்தியாவுல கோதுமை ஆராய்ச்சியில பெரிய பேர் எடுத்து, 1965-ல இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கே தலைமை இயக்குநர் ஆனாரு, ஆனா காராவை விடலை, மெட்ராஸ்ல காராவை ஆராய்ஞ்ச வி.எஸ். சுந்தரலிங்கமும் இன்னும் ரெண்டு பேரும் அவரோட சேர்ந்து எழுதின பெரிய நூல் 1962-ல வந்துச்சு. பர்மாவுல இருக்குற குளம் குட்டையை ஒரு ரங்கூன் மாணவர் அன்னைக்கே இவ்வளவு அக்கறையா பாத்திருக்காரு, இன்னைக்கு மறுபடியும் யாராவது பாக்கணும், அது நீங்களா இருந்தா எனக்கு சந்தோஷம்.

கேள்வி (பெகு வாசகர்): எங்க பக்கம் வாய்க்கால்ல இருக்குறது நொறுங்கலை, மெத்துன்னு கண்ணாடிப் பச்சையா இருக்கு, நாத்தமும் இல்லை. குளிர்காலத்துல வாத்துங்க இதைத் தின்னுதுன்னு மாடு மேய்க்கிற பையங்க சொல்றாங்க. நிஜமா?

பதில்: அது நைட்டெல்லாவா இருக்கும், உங்க பக்கம் தண்ணியில சுண்ணாம்பு கம்மி, அந்த மாதிரி மென்தண்ணி அதுக்குப் பிடிக்கும். கிளை நுனி கவை கவையா பிரிஞ்சிருந்தா சந்தேகமே வேண்டாம். பையங்க சொல்றது நம்பக் கூடிய விஷயம்தான். நாமக்கோழி, பல வகைக் காட்டு வாத்து எல்லாம் இந்தப் பாசிங்களை விரும்பித் தின்னும், காயில மாவுச்சத்து இருக்கு. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி எல்லையில கான்ஸ்டன்ஸ் ஏரியில சாக்கடைப் பாஸ்பரஸைக் குறைச்சு காரா திரும்பி வந்தப்ப, செந்தலை வாத்தும் குளிர்காலத்துக்கு அங்க கூட்டம் கூட்டமா வர ஆரம்பிச்சுது. பறவை குடலுக்குள்ள போன காயில கொஞ்சம் உயிரோடயே வெளிய வரும், அப்படித்தான் புதுசா வெட்டின குழியில கூட யாரும் போடாமலே காரா முளைக்குது.

உங்க ஊருக்குப் பக்கத்துல மோ யூன் ஜீ இருக்கே, வெள்ளைக்காரன் காலத்துல 1878-ல பெகு சித்தாங் கால்வாய்க்குத் தண்ணி குடுக்கக் கட்டின தேக்கம், 2004-ல பர்மாவோட முதல் ராம்சார் ஈரநிலமா, அதாவது உலக ஈரநில ஒப்பந்தப் பட்டியல்ல வர்ற இடமா, அறிவிச்சாங்க. அங்க இருக்குற பறவைக் கூட்டத்தைப் பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் வானத்தைத்தான் பேசுறாங்க, தண்ணிக்கு அடியில இருக்குற மேய்ச்சலையும் கொஞ்சம் குனிஞ்சு பாக்கணும்னு கேட்டுக்குறேன். சுத்து வட்டார வயல்ல இருந்து யூரியாவும் கம்பவுண்டு உரமும் அதிகமா இறங்கினா முதல்ல போறது இந்த மேய்ச்சல்தான்.

கேள்வி (டவுன்ஜி வாசகி): இன்லே ஏரியில படகுக்காரங்க அடியில இருந்து பாசியை மூங்கிலால முறுக்கி வாரி தக்காளித் தோட்டத்துக்குப் போடுறாங்களே, அப்ப நீங்க சொல்றபடி அதுவும் தப்பா?

பதில்: நல்ல கேள்வி அம்மா, நானே இதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். பாசியையும் சேத்தையும் அள்ளி மிதக்கிற பாத்திக்குப் போடுறது அந்த ஏரியில வாழ்ற இன்தா மக்களோட பழைய முறை, அதுல ஏரியில இருந்து சத்து வெளிய வந்து தக்காளிக்குப் போகுது, ஏரி முழுக்க மொட்டையா வழிக்காம அங்கங்க அள்ளினா அடி திரும்ப வளர்ந்துடும். எனக்குக் கவலை தர்றது அதுக்கு மேல கடையில வாங்கிப் போடுற உரமும் பூச்சிமருந்தும், பாத்தி தண்ணியிலேயே மிதக்குது, போட்டது நேரா ஏரிக்குள்ள போகும், நடுவுல மண்ணே கிடையாது.

இன்லே சுண்ணாம்புப் பாறைப் பிரதேசத்து ஏரி, ஆழம் கம்மி, கடினத் தண்ணி, இந்த மாதிரி ஏரிங்க காரா குடும்பத்துக்கு ஏத்த இடம். விலங்கியல் அறிஞர் நெல்சன் அன்னண்டேல் 1917-ல அங்க போய் மீனுங்களை ஆராய்ஞ்சப்ப தண்ணியோட தெளிவைப் பாத்து அசந்து போய் எழுதியிருக்காரு, அந்த ஏரியில மட்டுமே இருக்குற சின்ன மீனுங்க சிலது தெளிஞ்ச தண்ணியையும் அடிப் பாசியையும் நம்பி வாழ்றதுங்க. 1935-ல இருந்து 2000-க்குள்ள திறந்த நீர்ப்பரப்பு 69 சதுர கிலோமீட்டர்ல இருந்து 47-க்குக் கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு, மூணுல ஒரு பங்கு போச்சு, தோட்டம் பரவினதும் மலையில இருந்து மண்ணு இறங்கினதும் காரணம். 2015-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆச்சு, 2018-ல ராம்சார் இடம் ஆச்சு, பட்டம் ரெண்டும் வந்தாச்சு, உரம் குறைஞ்சாத்தான் தண்ணி தெளியும். பேடா, அதான் ஆகாயத்தாமரை, பரவி மேல மூடினாலும் கீழ வெளிச்சம் போகாது, அதை அள்ளுறதுக்கு யாரும் தயங்க வேண்டாம்.

கேள்வி (பிலின் வாசகர்): காரா இருக்குற தண்ணியில கொசு வராதுன்னு எங்க தாத்தா சொல்வாரு. வளர்த்தா டெங்குவுக்கு நல்லதா?

பதில்: தாத்தா சொன்னது புதுசு இல்லை, 1919-ல கபல்லேரோன்னு ஒரு ஸ்பெயின் தாவரவியல்காரர் காரா கொசுப்புழுவைக் கொல்லுதுன்னு எழுதினாரு, உலகம் பூரா சோதிச்சுப் பாத்தாங்க, சில இடத்துல புழு செத்துது, பல இடத்துல காராவுக்கு நடுவுலயே புழு நல்லா வளர்ந்துச்சு. அதை நம்பி உக்காராதீங்க. டெங்குக் கொசு குளத்துக்கு வராது, வீட்டு டிரம்முலயும் பூந்தொட்டித் தட்டுலயும் பழைய டயர்லயும்தான் முட்டை போடும், அதை வாரம் ஒரு தடவை கவுத்து ஊத்துங்க, டிரம்மை மூடி வைங்க.

கேள்வி (மோல்மீன், இன்னொரு வாசகர்): எங்க குளத்துல முன்னாடி இருந்த காரா இப்ப சுத்தமா இல்லை. வேற குளத்துல இருந்து கொண்டு வந்து போடணுமா, தானா வருமா?

பதில்: பெரும்பாலும் தானா வரும், விதை மாதிரி இருக்குற அந்த முறுக்குக் காயி கெட்டியான ஓட்டோட சேத்துக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும், குளம் வத்திக் காஞ்சாலும் சாகாது. ஹாலந்துல வெலுவெ ஏரின்னு ஒண்ணு, 1957-ல அணை போட்டு உருவானது, அடியெல்லாம் காரா. 1960-கள் கடைசியில சாக்கடைப் பாஸ்பரஸ் வந்து தண்ணி பச்சையாகி காரா மறைஞ்சே போச்சு. 1979-ல சாக்கடையில பாஸ்பரஸைப் பிரிச்சு எடுக்க ஆரம்பிச்சு, ஏரிக்குள்ள சத்துக் கம்மியான தண்ணியையும் விட்டுப் பாத்தாங்க, உடனே ஒண்ணும் நடக்கலை, 1990-கள்லதான் ஆழமில்லாத பக்கம் காரா பரவுச்சு. அப்ப அங்க ஒரு விசேஷம், ஒரே ஏரியில காரா இருக்குற பக்கம் தண்ணி தெளிஞ்சும் மத்த பக்கம் கலங்கியும் இருந்துச்சு, அப்புறம் சேத்தைக் கிளறுற ப்ரீம் மீனைப் பிடிச்சுக் குறைச்சதும் தெளிவு பரவிடுச்சு. பத்து வருஷத்துக்கு மேல பொறுமையா இருந்திருக்காங்க, நம்ம குளம் சின்னது, அவ்வளவு ஆகாது.

அதனால முதல்ல என்ன உள்ள வருதுன்னு பாருங்க, மாட்டுக் கொட்டகைத் தண்ணியா, வயல் வடிகாலா, சோப்பா, அதை நிறுத்தாம காராவைக் கொண்டு வந்து போட்டா ஒரு மாசத்துல அழுகிடும். நிறுத்தினதும் கோடையில தண்ணி முழங்கால் அளவுக்கு இறங்குற சமயம் ஓரச் சேத்தை ஒரு கை அள்ளி கண்ணாடி ஜாடியில போட்டு, மேல தெளிஞ்ச மழைத்தண்ணி ஊத்தி, நேர் வெயில் படாத ஜன்னல்ல வைங்க, குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா வேண்டாம். சில வாரத்துல பச்சை ஊசி மாதிரி கிளம்புச்சுன்னா உங்க குளத்துல விதை இருக்கு, வெளிய இருந்து ஒண்ணும் வேண்டாம். கிளம்பலைன்னா மட்டும் அதே ஊர்ல, அதே மாதிரி தண்ணி உள்ள குளத்துல இருந்து ஒரு வாளிச் சேறு எடுத்துட்டு வாங்க, மீன் குஞ்சும் பேடாத் துண்டும் கூட வந்துடாம பாத்து, மழைக்கு முன்னாடி ஓரத்துல கொட்டுங்க.